கவிழ்கிற ஹேமக்கை நிலையாகக் கட்டுவது எப்படி: அழகர்மலை அடிவாரத்தில் நான் பட்ட பாடு

மாந்தோப்பிலோ தென்னந்தோப்பிலோ இரண்டு மரத்துக்கு நடுவில் ஹேமக், அதாவது துணியால் ஆன தொங்கு படுக்கை, கட்டி நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அந்த ஒரு பொருளால் எனக்குக் காறை எலும்பு முறிந்தது. ஒன்றரை மாதம் வண்டி ஓட்ட முடியவில்லை. எக்ஸ்ரே, டாக்டர், அப்புறம் தோளை அசைக்கப் பிசியோதெரபி என்று கிட்டத்தட்ட 14,000 ரூபாய் போனது. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் தனி, ஹேமக்குக்குக் கொடுத்த 2,400 ரூபாய் தனி. இன்றைக்கு அதே தோப்பில், அதே மரங்களுக்கு நடுவில் விடிய விடியத் தூங்குகிறேன். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் கட்டுகிற விதம்தான். பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம். எனக்கு முன்கூட்டியே சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மச்சானுக்கு அழகர்மலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காய் பெருக்கும்போது ராத்திரி காவல் இல்லாமல் விட முடியாது. காவலுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்குக் கயிற்றுக் கட்டில் உண்டு. நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் மதுரையிலிருந்து போய்த் தங்குவேன். கீழே பாய் விரித்துப் படுக்க எனக்கு மனம் வராது. அந்தப் பக்கம் கட்டுவிரியன் உண்டு. தரையில் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிப்பது அதுதான், கடித்தது தெரியாமலே தூங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பைக்கில் கட்டில் கொண்டுபோக முடியாது. மடித்தால் ஒரு தலையணை அளவுக்கு வருகிற ஹேமக் சரியாகப் பட்டது, ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு முனையிலும் மரக்கட்டை வைத்து, துணி நன்றாக அகலமாக விரிந்து நிற்கிற வகை. படத்தில் ஒரு பெண் அதில் கட்டிலில் படுத்த மாதிரி மட்டமாகப் படுத்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கூட வந்த காகிதத்திலும் இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு நேர்கோடாகத்தான் வரைந்திருந்தது. எடை 150 கிலோ தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கவிழும் என்று ஒரு வரி கூட இல்லை.

அந்தப் படத்தில் உள்ளபடியே இழுத்து விறைப்பாகக் கட்டினேன். உட்காரும்போதே ஒரு பக்கம் சாய்ந்தது. மெதுவாக நடுவில் படுத்து அசையாமல் இருந்தால் பரவாயில்லை, புரண்டால் பக்கத்து மரத்தைப் பிடிக்கத் தோன்றும். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பல இடங்களில் எழுதியிருந்தார்கள். அதை நம்பாதீர்கள். கவிழ்கிற மாதிரி கட்டிய ஹேமக் பழகினாலும் கவிழும், தூங்கும்போது பழக்கம் கூட வராது.

சித்திரைத் திருவிழாவில், மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை முடிந்த ராத்திரி அது. மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். காவல்காரப் பெரியவர் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்விட்டார், அக்கம்பக்கத்துத் தோப்பிலும் ஆள் இல்லை, நானே இருந்துகொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். நடுராத்திரி தாகமாக இருந்தது. கீழே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினேன். உடம்பு ஒரு பக்கம் போனதுமே துணி மொத்தமாகச் சுழன்று என்னைக் கீழே கொட்டிவிட்டது. சாய்ந்து, சமாளித்து, அப்புறம் விழுவது என்ற கதையே இல்லை, கண் இமைக்கிற நேரம்தான். இடது தோள் ஒரு கல்லில் போய் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. செல்போன் மார்பின் மேல் இருந்தது, அது எங்கே தெறித்தது என்று தெரியவில்லை. வெளியே நல்ல நிலா, ஆனால் மாமரத்தடியில் இருட்டு. குனிந்து சருகைத் தடவிப் பார்க்க முடியாதபடி வலி. கையை மறு கையால் பிடித்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அழுதேன், சொல்வதில் வெட்கம் இல்லை. விடிந்ததும் போன் சருகுக்கு அடியில் கிடைத்தது. மச்சானைக் கூப்பிட்டால் மதுரையில் தல்லாகுளம் திருவிழாக் கூட்டத்தில் அவருக்கு மணியடித்ததே கேட்கவில்லை. அந்த வழியாக வந்த பால்காரர்தான் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விற்றவர்களிடம் பிறகு பணம் கேட்டேன், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. தனியாகப் படுக்கிறவர்கள் போனையும் டார்ச்சையும் ஒரு சின்னப் பையில் போட்டுக் கழுத்திலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள். கையில் போன் இருந்திருந்தால் 108-க்கு அடித்திருப்பேன், ஐந்தாறு மணி நேர வலி மிச்சமாகியிருக்கும். தண்ணீர் பாட்டிலையும் கீழே வைக்க வேண்டாம், தலைமாட்டில் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள்.

ஏன் கவிழ்ந்தது என்பது காவல்காரரின் வீட்டம்மா சொன்ன ஒரு வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. வயதானவர், நாங்கள் எல்லோரும் அப்பத்தா என்றுதான் கூப்பிடுவோம். கையைக் கழுத்தோடு தொங்கவிட்ட கட்டோடு தோப்புக்குப் போயிருந்தபோது, ஹேமக் இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, "ஏப்பு, பிள்ளைக்குத் தூளி கட்டையில இப்படியா விறைப்பாக் கட்டுவோம்? பிள்ளை உருண்டு விழுந்துராது?" என்றார். அவர் வீட்டு விட்டத்தில் பேத்திக்குப் பழைய சேலையில் தூளி கட்டியிருந்தது. பிள்ளை அதன் அடியாழத்தில் கிடந்தது, இரண்டு பக்கமும் துணி சுவர் மாதிரி எழுந்து நின்றது. ஆட்டினாலும் அது லேசில் கவிழாது, ஏனென்றால் பாரம் முழுக்கத் தொங்குகிற இடத்துக்கு வெகு கீழே இருக்கிறது.

ஹேமக்கிலும் கணக்கு இதேதான். இரண்டு முனையையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹேமக் சுழன்றால் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் சுழலும். உங்கள் உடம்பின் பாரம் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால், கொஞ்சம் சாய்ந்தாலும் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். பாரம் அந்தக் கோட்டை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருந்தால், கொஞ்சம் சாய்ந்ததும் மேலும் சாயும். மரக்கட்டை வைத்த ஹேமக் துணியை மட்டமாக விரித்து உடம்பை அந்தக் கோட்டின் உயரத்துக்கே தூக்கிவிடுகிறது. அதையும் விறைப்பாகக் கட்டினால் இன்னும் மோசம். அகலமாக இருப்பதால் பாதுகாப்பாகத் தெரிகிறது, உண்மையில் அந்த அகலம்தான் ஆபத்து. கட்டை இல்லாமல் இரண்டு முனையிலும் துணி சுருங்கி ஒன்றுசேர்கிற சாதாரண வகைதான் இரவில் தூங்க ஏற்றது. கடையில் பார்க்கும்போது அது குறுகலாக, வசதியில்லாததாகத் தெரியும். அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

கட்டுகிற கயிறு தரைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். கோணமானி எல்லாம் தேவையில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 'ட' மாதிரி விரித்து, ஆள்காட்டி விரலைத் தரைக்கு மட்டமாக நீட்டிப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் நடுவே மனதில் ஒரு கோடு இழுத்தால், கயிறு கிட்டத்தட்ட அந்தச் சாய்வில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இது கவிழாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல, கயிறு அறாமல் இருப்பதற்கும்தான். 70 கிலோ உள்ள ஆள் படுத்தால், 30 டிகிரியில் ஒவ்வொரு பக்கக் கயிறும் 70 கிலோ இழுவையைத் தாங்குகிறது. அதையே 10 டிகிரிக்கு இறுக்கினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 கிலோ. 5 டிகிரியில் 400 கிலோவைத் தொடும். நேர்கோடாக இழுக்க இழுக்க இது ஏறிக்கொண்டே போகும். 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி விறைப்பாகக் கட்டுகிறவர்களுக்குக் கயிறோ கொக்கியோ முறிவது இதனால்தான். கூட வருகிற கொக்கிகள் பல நேரம் சாவிக்கொத்தில் மாட்டுகிற தரம்தான். எத்தனை கிலோநியூட்டன் (இழுவிசையை அளக்கிற அலகு) தாங்கும் என்று உலோகத்திலேயே பொறித்திருக்கிற மலையேற்றக் கொக்கியாக இரண்டு வாங்குங்கள்.

எலும்பு கூடி, கை பழைய நிலைக்கு வந்த பிறகு நானே ஒன்று தைத்தேன். அழுத்தமான காடாத் துணி, ஐந்தடி அகலத்துக்குக் குறையாமல், மூன்றரை மீட்டர். இரண்டு முனையிலும் நாடா கோர்க்கும் மடிப்பு வைத்து இரட்டைத் தையல் போடச் சொன்னேன், மடிப்புக்குள் கனமான கயிற்றைக் கோத்து இழுத்துச் சுருக்கிக் கட்டினால் வேலை முடிந்தது. துணிக்கும் தையல்கூலிக்கும் 900 ரூபாய் கூட ஆகவில்லை. மதுரை வெயிலுக்குப் பருத்தி நல்லது, வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், உடம்பு வழுக்காது. மழையில் நனைந்தால் காயத் தாமதமாகும் என்பது மட்டும்தான் குறை. நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்தரை அடிக்கு மேல் உயரம் உள்ளவருக்கு முடிந்த ஹேமக் சுமார் 3.3 மீட்டர், அதாவது 11 அடியாவது வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்பதடிக்குள்தான் இருக்கின்றன. அதில் முழங்கால் எதிர்ப்பக்கமாக மடங்கி வலிக்கும், தோள் இரண்டையும் துணி நெருக்கும்.

அடுத்ததாகச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. ஹேமக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, தலைக்கு மேலாக, நீட்சி இல்லாத மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டுங்கள். அதன் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் இருக்கட்டும். 3.3 மீட்டர் ஹேமக்குக்கு இது 2.75 மீட்டர் அளவுக்கு வரும். ஒருமுறை அளந்து கட்டிவிட்டால் மரங்களுக்கு நடுவே தூரம் கூடினாலும் குறைந்தாலும் துணியின் தொய்வு மாறாது. ஒவ்வொரு ராத்திரியும் புதிதாகத் தடுமாற வேண்டியதில்லை. படுத்த பிறகு இரண்டு விரலால் அந்தக் கயிற்றைத் திருகிப் பாருங்கள், கொஞ்சம் வளைந்து கொடுத்தால் சரியான அளவு. கம்பி மாதிரி நின்றால் இன்னும் தளர்த்த வேண்டும். கொசுவலையையும் கண்ணாடியையும் இதிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் எழுந்திருக்க இதைப் பிடித்துத் தொங்க வேண்டாம், அந்தப் பாரத்துக்கு அது கட்டியது அல்ல.

மரங்களுக்கு நடுவே நாலரை மீட்டர் தூரம் வசதி. அந்தத் தூரத்தில் மரத்தில் ஆறடி உயரத்தில் கட்டினால், உட்காரும்போது துணி தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், நாற்காலி மாதிரி இருக்கும். அதற்கு மேல் உயர்த்த ஒரு காரணமும் கிடையாது. என்னுடையது அன்றைக்கு இடுப்பு உயரத்தில் இருந்தது, அதனால்தான் அடி அவ்வளவு பலம். கீழே உள்ள கல்லையும் குச்சியையும் ஒரு ஆள் நீளத்துக்குப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். கிளையில் கட்டக்கூடாது, அடிமரத்தில்தான் கட்ட வேண்டும், அதுவும் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாலும் விரல்கள் தொடாத பருமன் வேண்டும். முருங்கை பக்கமே போக வேண்டாம். தென்னை உறுதிதான், ஆனால் தலைக்கு மேல் தேங்காயும் காய்ந்த மட்டையும் இருக்கிற மரத்தடியில் படுப்பதைவிட வேறு இடம் பார்ப்பது மேல். நைலான் கயிறு பாரத்தில் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். ஒரு முழ உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். வெறும் கயிறு மரப்பட்டையையும் அறுத்துவிடும், காய்க்கிற மரத்துக்கு அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. லாரியில் சுமை கட்டுகிற பாலியஸ்டர் பட்டை நீளாது, மரத்தையும் வெட்டாது. குறைந்தது ஓர் அங்குல அகலம் இருக்கட்டும். மதுரையில் லாரிச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டால் வெட்டித் தருவார்கள்.

ஏறுவதற்கும் ஒரு முறை உண்டு. ஹேமக்குக்கு முதுகைக் காட்டி நின்று, துணியைப் பின்னால் இரண்டு கையாலும் அகலமாக விரித்து, நடுவில் உட்காருங்கள். பாரம் முழுவதும் இறங்கிய பிறகு காலையும் தலையையும் ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கமாகத் திருப்புங்கள். ஒரு காலை மட்டும் உள்ளே வைப்பது, முழங்காலை ஊன்றி ஏறுவது எல்லாம் விழுவதற்கான வழி. இறங்கும்போது முதலில் இரண்டு காலும் தரையில், அப்புறம்தான் இடுப்பு எழ வேண்டும். படுக்கையில் நடுக்கோட்டில் நேராகப் படுக்காமல் மூலைவாட்டில் படுங்கள். தலை இடப்பக்கமாக ஒரு சாண் விலகினால் கால் வலப்பக்கமாக ஒரு சாண் விலக வேண்டும். அப்போது துணி உடம்புக்கு அடியில் தட்டையாகிவிடும், முதுகு வில்லாக வளையாது, பக்கவாட்டில் ஒருக்களித்தும் படுக்கலாம். ஹேமக்கில் படுத்தால் முதுகு வலிக்கும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் நேராகப் படுத்துப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். தளர்வாகக் கட்டினால்தான் மூலைவாட்டில் படுக்க இடம் கிடைக்கும், விறைப்பாகக் கட்டினால் துணி உங்களை நடுவுக்கே தள்ளும். உடம்பு கால்பக்கம் வழுக்கிப் போனால், கால்மாட்டுப் பட்டையை மரத்தில் ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள். முழங்காலுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று வைத்தால் கெண்டைக்கால் வலியும் போய்விடும். லேசாக ஆடினாலே தலை சுற்றுகிறவர்கள், நடுப்பகுதியின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்டிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

மார்கழி, தை மாதங்களில் தோப்பில் விடியற்காலை முதுகு குளிரும், சிறுமலை மாதிரி உயரமான இடத்தில் இன்னும் அதிகம். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் போகாது, ஏனென்றால் முதுகுக்கு அடியில் உள்ள போர்வை உங்கள் பாரத்தில் நசுங்கிவிடுகிறது, கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு கனமான போர்வையை ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கத்தை ஒட்டித் தொங்குகிற மாதிரி கட்டினால் அது நசுங்காமல் சூட்டைப் பிடித்து வைக்கும். மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று பகலிலேயே அண்ணாந்து பாருங்கள், இலைகளைச் சேர்த்துத் தைத்த உருண்டை தெரிந்தால் வேறு மரம் தேடுங்கள். மற்ற எறும்புக்கு, பட்டையின் மேல் வேப்பெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி வைக்கிறேன். கோடை மழை இடியோடு வந்தால் தார்ப்பாய் இருக்கிறதே என்று மரத்தடியில் கிடக்காமல் இறங்கிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

ஏற்கனவே மரக்கட்டை வைத்த ஹேமக் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கட்டையில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கயிறுகள் வெறுமனே கோக்கப்பட்டிருந்தால், கட்டையை உருவிவிட்டு எல்லாக் கயிற்றையும் ஒரே கண்ணில் சேர்த்துக் கட்டிவிடலாம், சாதாரண வகையாக மாறிவிடும். உருவ முடியாதபடி தைத்திருந்தால், மரத்தில் இன்னும் உயரத்தில் கட்டி நன்றாகத் தொய்வு கொடுங்கள், கட்டையின் நான்கு முனைகளிலிருந்தும் தரைக்குக் கயிறு இழுத்து முளையடியுங்கள். பகலில் கண் விழித்துக்கொண்டு சாய அது போதும். இரவில் தூங்க அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எப்படிக் கட்டினாலும் முதல் தடவை பகலில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, முதலில் கையால் அழுத்தி, அப்புறம் உட்கார்ந்து, அப்புறம் படுத்து, இரண்டு பக்கமும் புரண்டு பார்த்துவிடுங்கள். இடம் யாருடையது என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தோப்பு என்றால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை போதும், அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காடு தொடங்குகிற இடத்துக்கு அப்பால் வனத்துறை அனுமதி இல்லாமல் ராத்திரி தங்கக்கூடாது.